மரக்கட்டையைப் புதைத்துத் தோட்டம்: மேடா, குழியா?

தோட்டம் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒருமுறையாவது எழும் கேள்வி, வெட்டிப்போட்ட கிளைகளை என்ன செய்வது என்பது. ஒரு முருங்கையைக் கவாத்து செய்தாலே முற்றம் நிறைய மிலார் சேர்ந்துவிடும். புயல் வந்துபோனால் சொல்லவே வேண்டாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையைக் கடந்தபின், தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர், நாகப்பட்டினம் தோப்புகளில் விழுந்து கிடந்த தென்னைகளை அப்புறப்படுத்துவதே பெரும்பாடாக இருந்தது. இப்படிச் சேரும் மரத்தைப் பெரும்பாலும் கொளுத்திவிடுகிறோம். கொளுத்தினால் சாம்பல்சத்து மட்டும் மிஞ்சும். மண்ணுக்குள் போயிருக்க வேண்டிய கரிமமும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) புகையோடு போய்விடும்.

அதனால்தான் 'ஹூகல்கல்ச்சர்' என்ற பெயரில் வரும் படங்களைப் பார்த்ததும் இயற்கை வேளாண்மையில் ஈடுபாடுள்ளவர்களுக்கு ஆசை வருகிறது. ஆள் உயர மண்மேடு. அதன் மேல் பூசணியும் தக்காளியும் வழிகின்றன. உள்ளே இருப்பதெல்லாம் விறகுக்கட்டை. தண்ணீர் ஊற்ற வேண்டாம், உரம் போட வேண்டாம் என்கிறது படத்தின் கீழே உள்ள குறிப்பு. அந்த மேடு எந்த ஊரில், எந்தத் தட்பவெப்பத்தில் நிற்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லாமல் அந்த வடிவத்தை மட்டும் எடுத்து திருச்சியிலோ மதுரையிலோ வைத்தால் கோடையில் வெடித்த மண்குவியல்தான் மிஞ்சும். மரத்தை மண்ணுக்குத் திருப்பித் தர வேண்டும் என்ற அடிப்படை யோசனை நமக்கும் பொருந்தும். ஆனால் நம் சமவெளியில் அதை மேடாகக் கட்டக்கூடாது, குழியில் இறக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று பார்க்க, அது பிறந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தப் பெயர் அச்சில் ஏறியது 1962இல். ஹெர்மன் ஆண்ட்ரே என்ற ஜெர்மானியத் தோட்டக்காரர் எழுதிய சிறு நூலில்தான் அது முதலில் வந்தது. தன் பாட்டி வீட்டுத் தோட்டத்தின் மூலையில் குவிந்து கிடந்த மரக்கழிவின் மீது விதவிதமான செடிகள் தாமாகவே முளைத்துச் செழித்திருந்ததைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்திருக்கிறது. சமதளத்தில் பயிர் வைப்பதற்குப் பதிலாக மேட்டில் வைக்கலாமே என்று வாதிட்டார். பின்னர் ஹான்ஸ் பேபா என்பவரும் சேர்ந்துகொள்ள, ஜெர்மனியின் வீட்டுத் தோட்டங்களில் இது பரவியது. அங்கே இன்றும் சொல்லப்படும் அளவு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம். நடுவில் கட்டையும் கிளையும். அதன்மேல் புல்லோடு வெட்டியெடுத்த மண்ணைக் கவிழ்த்து வைப்பார்கள். அடுத்து ஈர இலை, அரைகுறையாக மட்கிய எரு, கடைசியாக நல்ல மண்.

உலகம் முழுக்க இந்த முறைக்குப் பெயர் வாங்கித் தந்தவர் ஆஸ்திரிய விவசாயி செப் ஹோல்சர். 1942இல் பிறந்தவர். சால்ஸ்பர்க் மாநிலத்தின் லுங்காவ் பகுதியில், கடல் மட்டத்துக்கு மேல் 1100 முதல் 1500 மீட்டர் வரையிலான மலைச்சரிவில் இருக்கும் கிராமெட்டர்ஹோஃப் என்ற குடும்பப் பண்ணையை 1962இல் பெற்றோரிடமிருந்து ஏற்றுக்கொண்டார். லுங்காவ், ஆஸ்திரியாவிலேயே மிகக் குளிர்ந்த பகுதிகளில் ஒன்று. சுற்றிலும் ஊசியிலைக் காடு. அவர் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டினார், குளங்கள் அமைத்தார், பெரிய மரத்துண்டுகளை உள்ளே வைத்துச் செங்குத்தான மேடுகளை எழுப்பினார். பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் ஆஸ்திரேலியாவில் 1978இல் முன்வைத்த பெர்மாகல்ச்சர் (இயற்கையைப் பின்பற்றி நிலைத்த பண்ணையை வடிவமைப்பது) சிந்தனையோடு ஹோல்சரின் வேலை இணைத்துப் பார்க்கப்பட்டபோது, அந்த மேடும் பெர்மாகல்ச்சர் பாடத்தில் ஒன்றாகிவிட்டது.

அந்த மலையில் பயிருக்கு முதல் எதிரி குளிர். மண் சூடேறுவதற்குள் கோடையில் பாதி போய்விடும். இரண்டாவது எதிரி, பனி உருகும்போது நீர் தேங்கிக் கிடக்கும் குளிர்ந்த மண். மேடு இந்த இரண்டையும் சமாளிக்கிறது. உயரமாக இருப்பதால் நீர் வடிகிறது, மண் சீக்கிரம் காய்ந்து சூடாகிறது. உள்ளே இலையும் எருவும் மட்கும்போது எழும் வெப்பம் முதல் வசந்த காலத்தில் வேருக்கு இதமாக இருக்கிறது.

சூரியனின் கோணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். லுங்காவ் இருப்பது ஏறக்குறைய 47 பாகை வட அட்சத்தில். மார்ச் மாதம் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில் அங்கே உச்சிப்பொழுதுச் சூரியன் அடிவானத்திலிருந்து 43 பாகைதான் ஏறியிருக்கும். சமதளத்தில் வெயில் சாய்வாக விழுந்து பரவிவிடும். அதே நேரத்தில் தெற்கு நோக்கி 45 பாகை சாய்ந்த சரிவின் மேல் வெயில் நேர்க்குத்தாக விழும். செங்குத்தான மேடு அங்கே வெயிலைப் பிடிக்கும் உத்தி. திருச்சி இருப்பது 11 பாகைக்குச் சற்றுக் கீழே. அதே நாளில் நம் தலைக்கு மேல் சூரியன் 79 பாகையில் நிற்கும். ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் நேர் உச்சிக்கே வந்துவிடும். வெயிலைப் பிடிக்க வேண்டிய தேவை நமக்கு எங்கே இருக்கிறது?

பரப்பளவையும் பாருங்கள். ஒன்றரை மீட்டர் அடி அகலமும் ஒரு மீட்டர் உயரமும் உள்ள முக்கோண மேட்டில், ஒவ்வொரு சரிவும் ஒன்றேகால் மீட்டர் வரும். ஒன்றரை மீட்டர் நிலத்தில் இரண்டரை மீட்டர் பயிர்ப்பரப்பு கிடைக்கிறது என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்த இரண்டரை மீட்டரும் காற்றுக்கும் வெயிலுக்கும் திறந்து கிடக்கும். தமிழ்நாட்டுச் சமவெளியில் ஓராண்டில் பெய்யும் மழையைவிட ஆவியாகப் போகக்கூடிய நீர் அதிகம். பெய்யும் மழையிலும் கிட்டத்தட்டப் பாதி வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பருக்குள், சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். செங்குத்தான சரிவில் கொட்டும் அந்த மழை மேல்மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கீழே ஓடிவிடும். மிச்சமிருக்கும் மாதங்களில் மேடு காய்ந்துகொண்டே இருக்கும்.

"கட்டைதான் ஸ்பாஞ்சு போல நீரைப் பிடித்து வைத்திருக்குமே" என்று கேட்கலாம். பாதி உண்மை. காய்ந்த நல்ல மரத்தின் நார்ச்சுவர்கள் பிடித்து வைக்கும் நீர், மரத்தின் எடையில் சுமார் 30 சதவீதம்தான். பட்டையோடு இருக்கும் உருளைக்கட்டைக்குள் அதுவும் லேசில் இறங்காது. நீரைப் பிடிக்கும் குணம் மரம் மட்க மட்கத்தான் வரும். ஓரிரு மழைக்காலம் கடந்து பூஞ்சை ஊடுருவிய கட்டையைக் கையில் எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரல் உள்ளே போகும், நார் வெளுத்துப் பிரியும், விரலிடுக்கில் நீர் கசியும். அந்த நிலைக்கு வந்த மரம் தன் காய்ந்த எடையைவிடக் கூடுதலான நீரைத் தாங்கும். ஆனால் அந்த நிலைக்கு வரவே கட்டைக்குத் தொடர்ந்து ஈரம் வேண்டும். காய்ந்துபோகும் மேட்டுக்குள் ஈரமே இல்லாதபோது பூஞ்சையும் வேலை செய்யாது. முதல் ஆண்டிலேயே தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று சொல்பவர்கள் இந்த இடத்தைத்தான் தாண்டிப் போகிறார்கள்.

இன்னொன்று, கட்டைகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம். மண்ணில் நீர் கீழிருந்து மேலே ஏற வேண்டுமானால் துகளுக்குத் துகள் தொடர்பு இருக்க வேண்டும். இடையில் காற்றுப்பொந்து இருந்தால் அந்த ஏற்றம் அங்கேயே நின்றுவிடும். கட்டை ஈரமாக இருந்தாலும் மேலே இருக்கும் வேருக்கு எட்டாது. அந்தப் பொந்துகளில் ஜெர்மனியில் வயல் எலி குடியேறும். மேட்டின் அடியில் கம்பிவலை விரிக்கச் சொல்வதே அதற்காகத்தான். நம் ஊரில் பெருச்சாளி வரும், அதைத் தேடிப் பாம்பும் வரும்.

சத்துக் கணக்கு இதைவிட முக்கியம். நூறு கிலோ காய்ந்த மரத்தில் ஏறக்குறைய 50 கிலோ கரிமம் இருக்கிறது. தழைச்சத்து சில நூறு கிராம் தேறினால் அதிகம். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கும் நுண்ணுயிருக்கும் தங்கள் உடலைக் கட்டத் தழைச்சத்து வேண்டும். மரத்தில் அது கிடைக்காததால் பக்கத்து மண்ணில் இருப்பதை இழுத்துக்கொள்கின்றன. அந்த மண்ணில் நிற்கும் செடி வெளிறும். நம் தோட்டங்களில் இதை முதலில் காட்டிக்கொடுப்பது கீரை. தண்டுக்கீரையோ சிறுகீரையோ விதைத்த இடத்தில் இலை மஞ்சளித்து, வளராமல் நின்றுவிட்டால் அடியில் பச்சை மரம் மட்கிக்கொண்டிருக்கலாம். துண்டு எவ்வளவு சிறியதோ அவ்வளவு வேகமாக இழுக்கும். மரத்தூள்தான் மிக மோசம். பெரிய உருளைக்கட்டை மெதுவாக மட்குவதால் இழுப்பும் மெதுவாக, பல ஆண்டுகளுக்குப் பரவி நடக்கும். ஆகவே புதைக்க வேண்டுமென்றால் தடித்த கட்டையாகப் புதைப்பதே நல்லது. மெல்லிய சுள்ளிக்கும் இலைக்கும் தரைக்கு மேலே மூடாக்காகக் கிடப்பதுதான் ஏற்ற இடம். மேலே கிடந்தால் மண்ணோடு தொடும் மெல்லிய அடுக்கில் மட்டும் இந்த இழுப்பு நடக்கும், ஆழத்தில் இருக்கும் வேரை அது தொடாது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை வல்லுநர் லிண்டா சாக்கர்-ஸ்காட் மரச்சில்லு மூடாக்கை நெடுநாளாக வலியுறுத்தி வருபவர். கட்டை புதைத்த மேடுகளைப் புகழும் அளவுக்கு ஆய்வு ஆதாரம் இல்லை என்று எழுதியவரும் அவரே. வீட்டுத் தோட்டத்துக்கு அவர் பக்கம் நிற்பதே பாதுகாப்பானது.

இதெல்லாம் தெரிந்த பிறகும் மரத்தைப் புதைக்கும் யோசனையை நான் கைவிடச் சொல்லவில்லை. காரணம், அதன் வேறொரு வடிவம் நம் தென்னந்தோப்புகளில் ஏற்கெனவே இருக்கிறது. தேங்காய் மட்டையைப் புதைப்பதைத்தான் சொல்கிறேன். மரத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி வட்டமாக, 30 செ.மீ. அகலமும் 60 செ.மீ. ஆழமுமாகக் குழி எடுத்து, மரத்துக்கு நூறு மட்டை அல்லது 25 கிலோ நார்க்கழிவு போட்டு மூடுவது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. வறட்சியையும் குரும்பை உதிர்வதையும் சமாளிக்க இது. புதைக்கும்போது மட்டையின் குழிந்த பக்கம் மேலே பார்க்க வேண்டும். இறங்கும் மழைநீர் அதில் தங்கும். அதே மட்டையை வட்டப்பாத்தியின் மேலே மூடாக்காகப் பரப்பினால் குவிந்த பக்கம் மேலே. அங்கே வெயிலை மறைப்பது மட்டும்தான் வேலை. ஒரே பொருள், மண்ணுக்கு மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி. பழைய குழியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: சுற்றி இருக்கும் மண் வெளிறிக் கிடக்கும்போதும் மட்டை கருத்து, பதத்தோடு இருக்கும், அதன் நாருக்குள்ளேயே தென்னையின் சிறுவேர்கள் புகுந்து ஓடியிருக்கும். ஒருமுறை புதைத்தால் பலன் 5 முதல் 7 ஆண்டு வரை நிற்கும்.

நார்க்கழிவை மட்கவைக்கும் முறை சத்துக் கணக்குக்கும் விடை சொல்கிறது. பச்சையான நார்க்கழிவில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112க்கு 1. பல்கலைக்கழக முறையில் ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் குறையாமல் வைத்தால் அது 24க்கு 1 என்று இறங்குகிறது. மரத்தின் கடினப்பொருளான லிக்னினைச் சிதைக்கக்கூடியது பூஞ்சைதான். அந்தப் பூஞ்சைக்குத் தேவையான தழைச்சத்தை வெளியிலிருந்து நாமே கொடுத்துவிட்டால் அது செடியிடம் பிடுங்காது. யூரியா வேண்டாம் என்பவர்கள் சாணிக்கரைசலையோ மாட்டுக்கோமியத்தையோ ஊற்றலாம், கிளிரிசிடியா, அகத்தி, புங்கன் தழையை இடையில் போடலாம். கட்டைக்கும் இதே விதிதான். சாணிக்கரைசலைக் கூழ் பதத்தில் கரைத்து ஊற்றினால் இடுக்குகளில் புகுந்து வெற்றிடத்தையும் அடைத்துவிடும்.

கறையானைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். லுங்காவில் மரம் மெதுவாக மட்குவதற்குக் குளிர் ஒரு காரணம் என்றால், அங்கே கறையான் இல்லாதது இன்னொரு காரணம். நம் செம்மண் நிலத்தில் விறகு புதைத்தால் பூஞ்சைக்கு முன்னால் கறையான் வந்து நிற்கும். இதில் பயப்பட ஒன்றுமில்லை என்பது ஒரு பக்கம். செத்த மரம்தான் அதன் முதல் தேர்வு; மண்ணைக் கிளறிக் காற்றோட்டம் தருவதும் அதன் வேலைதான். மறுபக்கம், பத்தாண்டு நீர்த்தொட்டியாக இருக்கும் என்று நம்பிப் புதைத்த கட்டையை அது அதற்குள் தின்று தன் புற்றுக்குக் கொண்டுபோய்விடும், அந்த இடம் உள்ளே சரியும். கோடையில் தண்ணீர் இல்லாமல் வாடும் இளங்கன்றுகளையும் கடிக்கும். வீட்டுச் சுவருக்கும் மரக்கதவுக்கும் பக்கத்தில் கட்டை புதைப்பது கறையானுக்கு நாமே வழிகாட்டுவது. குழி ஈரமாகவே இருந்தால் பூஞ்சை முந்திக்கொள்ளும், காய்ந்து கிடந்தால் கறையான் முந்திக்கொள்ளும். மேட்டைவிடக் குழி எனக்குப் பிடிக்க இதுவும் ஒரு காரணம்.

தென்னை இருக்கும் பகுதியில் இன்னொரு ஆபத்து, காண்டாமிருக வண்டு. எருக்குழியும் மட்கும் தென்னந்தடியும்தான் அது முட்டையிட்டுப் பெருகும் இடங்கள். வெள்ளையாக, விரல் தடிமனில், வளைந்து கிடக்கும் புழுக்களை எருக்குழியில் பார்த்திருப்பீர்கள். வளர்ந்த வண்டு தென்னையின் குருத்தைத் துளைக்கும். அந்தக் குருத்து விரியும்போது ஓலை கத்தரியால் வெட்டியது போல இருக்கும். ஆகவே விழுந்த தென்னந்தடியைத் தோப்புக்குள் குவித்து மேல்மண் தூவி மேடாக்குவது, பக்கத்துத் தோப்பையும் சேர்த்துக் கெடுக்கும் காரியம். கஜாவுக்குப் பிறகு அப்படிச் செய்யலாமே என்று யோசித்தவர்கள் உண்டு. தென்னந்தடி இருந்தால் அறுத்துப் பயன்படுத்துங்கள், அல்லது துண்டாக்கிச் சூளைக்கு அனுப்புங்கள். எருக்குழியிலோ மட்கும் குழியிலோ புழு தென்பட்டால் பச்சை மஸ்கார்டின் பூஞ்சையைக் கலந்துவிடலாம்; அது புழுவுக்கு நோய் தரும்.

எந்த மரம் என்றால், மென்மையான மரமெல்லாம் நல்லது. முருங்கை, அகத்தி, இலவம், பப்பாளித்தண்டு, வாழைத்தண்டு ஆகியவை சீக்கிரம் மட்கும். மா, புளி கொஞ்சம் இழுக்கும். தேக்கும் வேம்பும் மட்கவே தயங்கும். அவற்றைப் புதைப்பதைவிட வேலிக்கும் பந்தல்காலுக்கும் வைத்துக்கொள்ளலாம். தைலமரத்தையும் சீமைக்கருவேலத்தையும் தவிர்த்துவிடுங்கள். அவற்றின் இலையில் இருக்கும் பொருட்கள் மற்ற விதைகளின் முளைப்பைத் தடுக்கும். இன்னொரு எச்சரிக்கை: முருங்கை, கிளுவை, கல்யாண முருங்கை, பூவரசு, கிளிரிசிடியா எல்லாம் போத்து நட்டாலே துளிர்ப்பவை. வெட்டிய கையோடு பச்சையாகப் புதைத்தால் காய்கறிப் பாத்தியில் முருங்கைத்தோப்புதான் கிளம்பும். சில வாரம் வெயிலில் போட்டு உயிர் போன பிறகு புதைக்க வேண்டும்.

மேடே கூடாது என்று சொல்லவில்லை. ஊட்டி, கொடைக்கானல், இலங்கையின் நுவரெலியா போன்ற குளிர்ந்த, மழை அதிகமான இடங்களில் லுங்காவின் காரணங்கள் பொருந்தும். காவிரிப் படுகையின் களிமண்ணிலும் சென்னையின் தாழ்வான மனைகளிலும் ஐப்பசி கார்த்திகையில் நீர் தேங்கி வேரழுகும். அங்கே முழங்கால் உயர மேட்டுப்பாத்தி போதும், உள்ளே கொஞ்சம் கட்டையும் இருக்கலாம். ஆனால் நீலகிரி போன்ற செங்குத்துச் சரிவில், மேலிருந்து வரும் மழைநீரைத் தடுக்கும் வரப்பாகக் கட்டை மேட்டை வைக்காதீர்கள். மரம் மிதக்கும், மட்கிய இடத்தில் நீர் வழி உண்டாக்கும், ஊறிய வரப்பு ஒருநாள் மொத்தமாக இறங்கும். அங்கே உயிர்வேலியும் கல்வரப்பும்தான் சரி.

சமவெளியில் குழி எடுப்பவர்கள் ஆடி, ஆவணியிலேயே எடுத்துவிட வேண்டும். ஒரு மீட்டர் அகலம், முக்கால் மீட்டர் ஆழம், நீளம் இடத்தைப் பொறுத்து. மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி வையுங்கள். தடித்த கட்டை அடியில். இடுக்குகளில் மண்ணும் சாணிக்கரைசலும். அதன்மேல் பச்சைத் தழை, எரு, கடைசியாக ஒதுக்கி வைத்த மேல்மண். முடிந்தபின் குழியின் மட்டம் சுற்றுத்தரையைவிட நாலு விரற்கடை தாழ்வாகவே இருக்கட்டும், ஓடிவரும் மழைநீர் அதில் இறங்கும். வடகிழக்குப் பருவமழை கட்டையை நன்றாக ஊறவைத்துவிடும். முதல் ஆண்டில் தட்டைப்பயறு, அவரை, கொத்தவரை விதையுங்கள். தங்கள் தழைச்சத்தைத் தாங்களே தேடிக்கொள்ளும். ஓரங்களில் ஒவ்வொரு கூடை மட்கிய எரு வைத்துப் பூசணியோ சுரையோ ஊன்றலாம். கீரைக்கும் கத்தரிக்கும் அடுத்த ஆண்டு வரை பொறுத்திருங்கள். குழி ஆண்டுக்கு ஆண்டு உள்வாங்கும். ஒவ்வொரு புரட்டாசியிலும் எருவும் மூடாக்கும் போட்டு நிரப்பி வந்தால், கட்டை முழுக்கக் கருத்துப் பொடியும் காலத்தில் அந்த இடத்தில் வாழையோ பப்பாளியோ வைத்துவிடலாம்.